குடமுருட்டிக் கரையில் இசை விழாவும் கூடார முகாமும்: நிலத்தைக் கெடுக்காமல் நடத்த முடியுமா?

4 ஆகஸ்ட் 2024 (வாசகர் ஒருவரின் கேள்வி)

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் வரும் மாசியில் இரண்டு இரவுகள் இசை விழா நடத்த எண்ணியிருக்கிறோம். நாதஸ்வரம், பறை, தேவாரம், நடவுப் பாட்டு எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து வருபவர்கள் சுமார் 200 பேர் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். பாக்குமட்டைத் தட்டு, காகிதக் குவளை, மஞ்சப்பை ஆகியவற்றுக்குச் சொல்லிவிட்டோம். பசுமை விழா என்று சொல்வதற்கு இன்னும் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் முன்பு நடத்தியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

5 ஆகஸ்ட் 2024

தட்டிலும் பையிலும் தொடங்க வேண்டாம் என்பதே என் பதில். காகிதக் குவளையின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள தடை அதையும் சேர்த்தே சொல்கிறது. அதை விட்டுவிட்டு வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுத்தால் அந்தக் கவலை ஒரே நாளில் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் யோசிக்க வேண்டியவை இடமும் கழிப்பறையும்தான்.

2023 மாசியில் நாங்கள் செய்த தவற்றைச் சொன்னால் விளங்கும். எங்கள் ஊர் பாபநாசத்துக்கு மேற்கே குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள் என்பதால் மாசியில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். வெள்ளை மணல், திறந்த வானம், குளிர்ந்த காற்று என்று மயங்கி 60 பேருக்கு ஆற்றுக்குள்ளேயே கூடாரம் அடித்தோம். ஆற்றுப் படுகை அரசுக்குச் சொந்தமானது, நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும் என்பதைக்கூட நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கழிப்பறைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று அறிவித்திருந்தோம். இருட்டில் அரை கிலோமீட்டர் நடக்க யாரும் விரும்பவில்லை. எல்லோரும் நாணல் புதர்ப் பக்கம் ஒதுங்கினார்கள்.

மறுநாள் காலையில் சற்றுக் கிழக்கே மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இந்த ஊத்துல இனிமே எப்படித் தண்ணி எடுக்குறது?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. நாங்கள் மூன்று பேர் இரண்டு நாள் மணலைச் சலித்து, கிடைத்ததையெல்லாம் கரைக்கு மேலே கொண்டுபோய்ப் புதைத்தோம். அந்த மாசி முழுவதும் அவர் ஊற்றுக்கு வரவில்லை. உங்கள் ஊரில் மணலைப் பார்த்து யாராவது ஆசைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

9 ஆகஸ்ட் 2024

ஆறு இல்லையென்றால் வயல் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் அபதானி மக்களின் நெல்வயல்களுக்கு நடுவே 2012 முதல் இசை விழா நடக்கிறது. மேடையை மூங்கிலில் கட்டுகிறார்கள், வருகிறவர்கள் கூடாரத்தில் தங்குகிறார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா 1970இல் தொடங்கியதே ஒரு பால்பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில்தான். அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவையே நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு விடுகிறார்கள். 2018 அப்படிப்பட்ட ஓராண்டு. தரிசு போடுவது என்று நாம் சொல்வதை ஒரு விழாவுக்குச் செய்கிறார்களே என்று வியந்து, அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

சம்பா அறுவடை தை மாதத்தில் முடிந்துவிடும், மாசியில் வயல் காலியாக இருக்கும், நடுவில் வைக்கோலைப் பரப்பினால் முகாம் தயார் என்பது என் கணக்கு. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

10 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியது தவறு. என் சித்தப்பா படித்துவிட்டு, சம்பா வயல் எப்போது காலியாக இருந்தது என்று கேட்டார். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தையோ பச்சைப் பயற்றையோ தெளித்துவிடுகிறோம். நெல்லை அறுக்கும்போது அடியில் உளுந்து முளைத்திருக்கும். இயந்திர அறுவடையில் சக்கரம் முளையை நசுக்கிவிடுகிறது என்று அறுத்த பிறகு விதைப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் மாசியில் அங்கே பயிர் இருக்கும். பனியிலேயே விளையும் பயிர் அது. நம் கண்ணுக்கு அறுத்த நெல்லின் வெறும் தாளாகத் தெரியும் இடத்தில் கூடாரத்தை விரித்தால் ஒரு குடும்பத்தின் கோடைக்காலச் செலவுக்கான காசு அடியில் நசுங்கும்.

இந்த ஆண்டுக்கு மட்டுமான இன்னொரு சிக்கலும் உண்டு. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். இவ்வாண்டு ஜூலை 28இல்தான் திறந்தது. அதனால் சம்பா நடவு பின்தள்ளிப் போகிறது, பல வயல்களில் மாசியிலும் நெல்லே நிற்கும். விழாத் தேதியை அச்சடிப்பதற்கு முன்பு அணை திறந்த தேதியைப் பாருங்கள்.

1 செப்டம்பர் 2024

வரும் மாசியில் எங்கள் ஊரிலும் மறுபடி விழா நடத்துகிறோம். இரண்டு வார அலைச்சலுக்குப் பிறகு, அதற்கு ஊருக்குத் தெற்கே உள்ள தென்னந்தோப்பு ஒன்று முடிவாகியிருக்கிறது. மூன்று ஏக்கர், மேட்டு நிலம், ஆழ்துளைக் கிணறு உண்டு. தோப்புக்காரர் வாடகை வேண்டாம் என்றார். நாங்கள் கட்டாயப்படுத்திக் கொடுக்கிறோம். இலவசமாகக் கிடைத்த இடத்தை யாரும் அக்கறையோடு திருப்பித் தருவதில்லை.

தென்னைக்கு அடியில் கூடாரம் அடிப்பதில் உயிராபத்து உண்டு. காய் விழுந்தால் கூடாரத் துணி தாங்காது, காய்ந்த மட்டை விழுந்தாலும் காயம் உறுதி. விழாவுக்கு மூன்று நாள் முன்பு மரமேறுபவரை அழைத்து நெற்று, காய், தொங்கும் மட்டை அனைத்தையும் இறக்குவது என்றும், அதற்குப் பிறகும் இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள பட்டத்தில் மட்டுமே கூடாரம் என்றும் தீர்மானித்தோம். இறக்கிய மட்டையை முடைந்தால் மறைப்புக்கான கீற்று கிடைத்துவிடும்.

அடுத்தது பாம்பு. வெறும் பாயை விரித்துத் தரையில் படுப்பதுதான் நம் வழக்கம் என்று குழுவில் சிலர் வாதிட்டார்கள். கட்டுவிரியன் இரவில் இரை தேடி வரும், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாததால் கடிபட்டவர் மறுபடி தூங்கிவிடுவதும் உண்டு. வயிற்று வலியும் இமை சரிவதும் வரும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே ஜிப் வைத்து முழுதாக மூடும் கூடாரம், அல்லது பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலை, இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் யாரையும் தங்க அனுமதிக்கப் போவதில்லை. வைக்கோல் மெத்தை என்று முன்பு நான் எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். வைக்கோலுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ஒரு வண்டியை எந்நேரமும் தயாராக வைத்து, பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

22 செப்டம்பர் 2024

கீற்றுப் பந்தல் போடலாமா, தகரமா, துணியா என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னங்கீற்று, சவுக்கு, மூங்கில், கயிறு எல்லாம் இங்கேயே விளைபவை, விழா முடிந்ததும் மண்ணுக்கோ அடுப்புக்கோ போய்விடும். பசுமை என்று பார்த்தால் அதற்கு நிகர் இல்லை.

ஆனாலும் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு கீற்றைப் பற்றி அவ்வளவு எளிதாக எழுத எனக்கு மனம் வரவில்லை. 2004 ஜூலை 16இல் அங்கே ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் திருவரங்கத்தில் திருமணப் பந்தல் எரிந்தது மின்சாரத்தால் பற்றிய தீயில். காய்ந்த கீற்று பற்றினால் ஓடுவதற்கு அவகாசம் தராது. குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு மேலே கீற்று கூடாது என்று முதல் கூட்டத்திலேயே நான் பிடிவாதமாகச் சொன்னேன்.

நாங்கள் கண்ட வழி: பார்வையாளர்களுக்குக் கூரையே இல்லை. நிகழ்ச்சி மாலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது என்பதால் வெயிலும் இல்லை. மேடைக்குப் பின்புறத் தட்டியும் கழிப்பறை மறைப்பும் மட்டும் கீற்று; அவற்றில் ஒரு மின்கம்பிகூட ஓடாது, விளக்குகள் தனியாக நட்ட சவுக்குக் கம்பத்தில். சமையல் கொட்டகை தகரம், அது முகாமிலிருந்து 40 மீட்டர் தள்ளி. குருத்தோலைத் தோரணமும் மாவிலையும் உண்டு. ஃபிளக்ஸ் பலகை கிடையாது, பெயர்ப்பலகையை வெள்ளை வேட்டியில் எழுதுகிறோம்.

தோப்பின் ஓரமாக உயரழுத்த மின்கம்பி போகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். 2022 ஏப்ரலில் தஞ்சையை ஒட்டிய களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அலங்கார வளைவு கட்டுகிறவர் மூங்கிலை நிமிர்த்தும்போது கீழே நின்று பார்ப்பதற்கென்றே ஒருவர் வேண்டும்.

6 அக்டோபர் 2024

ஒலியைப் பற்றி. கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். பெட்டி ஒலிபெருக்கிகளைத் தாழ்வாக, ஊருக்கு முதுகைக் காட்டி வயல் பக்கம் திருப்பி வைக்கிறோம். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்.

தேதியையும் இதனால்தான் மாற்றினோம். மார்ச்சில் பிளஸ் 2 தேர்வு. படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு எதிரே தவில் அடித்துவிட்டு அதைச் சமூக விழா என்று சொல்ல முடியாது. 2025 பிப்ரவரி 14, 15 ஆகிய இரண்டு இரவுகளும் 16 காலையும் என்று முடிவு செய்திருக்கிறோம். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். எட்டு மணி வாக்கில் நிலா எழும்பிவிடும் என்பதால் நடைபாதைக்கு விளக்கு பாதியாகக் குறையும்.

இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, அதன்பின் ஒலிபெருக்கி இல்லாமல் நாதஸ்வரமும் பறையும் விடியும்வரை நடக்கும். மெலட்டூரில் பாகவத மேளா நாட்டிய நாடகம் இரவெல்லாம் நடப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை; இரவு இசை நமக்குப் புதிதல்ல. ஒலிபெருக்கி இல்லாத நாதஸ்வரத்துக்கு எந்தத் தடையும் இராது.

8 அக்டோபர் 2024

மேலே கடைசி வரி தவறு. வழக்கறிஞரான நண்பர் ஒருவர் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை எடுத்துக் காட்டினார். 2010இல் திருத்தப்பட்ட பிறகு, இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவியும் கூடாது. பண்பாட்டு விழாக்களுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். நாங்கள் அதைக் கேட்கப் போவதில்லை. 10 மணிக்கு எல்லாம் நின்றுவிடும்.

குழுவில் இது பெரிய வருத்தத்தை உண்டாக்கியது. நீலாம்பரி ராகத்தை நள்ளிரவில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட முதியவர் ஒருவர் எழுந்தே போய்விட்டார். அவருக்காக விடியற்காலை நிகழ்ச்சியைச் சேர்த்திருக்கிறோம்: சரியாக 6 மணிக்கு, ஒலிபெருக்கி இல்லாமல், விடியல் ராகமான பூபாளத்தில் தொடங்கி நாதஸ்வரம். பிப்ரவரியில் அந்த நேரத்தில் இருட்டு முழுதாகப் பிரிந்திராது.

3 டிசம்பர் 2024

நவம்பர் கடைசி வாரம் பெய்த மழையில் இங்கே சம்பாப் பயிர்கள் பல நாள் தண்ணீரில் நின்றன. விழாவைப் பற்றி எழுதவே கை வரவில்லை. குழுவில் பாதிப்பேர் விவசாயிகள். நன்கொடைச் சீட்டை இப்போது யாரிடமும் நீட்டுவதில்லை என்று முடிவு செய்து, வெளியூர்க்காரர்களின் முகாம் கட்டணத்துக்குள்ளேயே செலவை அடக்குகிறோம். 250 கூடாரவாசிகள் என்றிருந்ததை 180 ஆகக் குறைத்தோம்.

மழை ஒரு நன்மையும் செய்தது. தோப்பில் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பதை நேரில் பார்த்தோம். வடகிழக்கு மூலையில் மூன்று நாள் கணுக்கால் அளவு நின்றது. கழிப்பறைக்கு நாங்கள் குறித்திருந்த இடம் அதுதான்.

இன்னொன்று. தோப்பிலிருந்து ஆற்றுக்குப் போகும் வழியில் நாணல் அடர்ந்திருக்கிறது, வெட்டிவிட்டால் காட்சி திறக்கும் என்று யாரோ சொன்னார்கள். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி காவிரிக் கரையில் வளரும் நாணல் தட்டையிலிருந்துதான் பிறக்கிறது. திருவாவடுதுறையில் அந்தத் தட்டையை ஆண்டுக்கணக்கில் பக்குவப்படுத்திச் சீவாளி கட்டுகிறார்கள். பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளி இல்லாமல் அந்தக் குழல் பேசாது. நாதஸ்வர விழாவுக்காக நாணலை வெட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஒரு தட்டைகூட வெட்டப்படாது.

5 ஜனவரி 2025

கழிப்பறை. இதை விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் 2023இல் நாங்கள் தோற்றது இங்கேதான்.

டெல்டாவில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. ஆற்றோரத்தில் குழி தோண்டிக் கொட்டகை கட்டினால், குழிக்குள் விழுவது கிணற்றுக்குப் போவதற்கு அதிக நாள் ஆகாது. பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் கையேடு, குழிக்கும் நீர் ஆதாரத்துக்கும் 30 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும், குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் தோப்பில் முதல் நிபந்தனை நிறைவேறும். இரண்டாவதை மழை முடிந்த தை மாசியில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே குழியே இல்லை.

காவிரியில் நமக்கு மேலே உள்ள முசிறியில், சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் உலர் கழிப்பறைகள் பொதுப் பயன்பாட்டில் வெற்றி பெற்றதைப் பலரும் அறிவோம். அதே முறையைத் தரைக்கு மேலே, பலகை மேடையில், மூடியுள்ள பீப்பாய்களோடு செய்கிறோம். மலம் விழும் பீப்பாயில் ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சாம்பல். சாம்பலுக்கு அரிசி ஆலையில் சொல்லியிருக்கிறோம். கழுவும் நீர் தனி வழியாக வாழைக் குழிக்குப் போகிறது. இங்கே எல்லோரும் தண்ணீரால் கழுவுகிறவர்கள் என்பதை மறந்து வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துக் கட்டினால் இரண்டாம் நாளே நாறிவிடும். சிறுநீர் தனிக் கேனில் சேரும். சில மாதம் மூடி வைத்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு விடலாம்.

20 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 180 பேருக்கு 9 வருகிறது. பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 3. கையேடு பெண்களுக்கு மூன்று மடங்கு கேட்கிறது. இடமின்மையால் இரண்டு மடங்கு வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் உட்புறத் தாழ்ப்பாள், இரவு முழுவதும் ஒரு விளக்கு, மூடியுள்ள வாளி. பீப்பாயைக் கையாளும் வேலையை ஊரில் வழக்கமாக யார் தலையில் கட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அது நடக்காது. விழாக் குழுவினர் முறை வைத்து, கையுறையும் பூட்ஸும் அணிந்து, நாங்களே செய்கிறோம். என் முறை சனிக்கிழமை காலை.

19 ஜனவரி 2025

சாப்பாடு சுருக்கமாக. வாழை இலை; திருவையாற்றுப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். தயிர், ரசம் தனித்தனிப் பாக்கெட்டுகளில் வேண்டாம் என்று சமைக்க வரும் தவசிப்பிள்ளையிடம் சொல்லிவிட்டோம். தண்ணீருக்கு மணலில் பதித்த மண்பானைகள். அதனால் போத்தல் விற்பவர்களுக்கு உள்ளே இடமில்லை. ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர் என்ற கணக்கில் முகாமுக்கு நாளொன்றுக்கு 2,700 லிட்டர் தேவை. பாத்திரம் கழுவச் சீயக்காய்த் தூளும் சாம்பலும். கழுவிய நீர் மணலும் சரளையும் நிரப்பிய வாய்க்கால் வழியே கல்வாழைப் பாத்திக்குப் போகும்.

நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில் இருந்தது. ஊராட்சியில் கடிதம் கொடுத்தபோது, இப்படி ஒரு கடிதம் இதுவரை வந்ததே இல்லை என்றார்கள்.

2 பிப்ரவரி 2025

தோப்பில் விவசாய மின் இணைப்பு இருக்கிறதே, அதிலிருந்து இழுத்துக்கொள்ளலாமே என்று நான்கு பேராவது கேட்டுவிட்டார்கள். அது பயிருக்காக இலவசமாகத் தரப்படும் மின்சாரம். பாட்டுக் கச்சேரிக்கு எடுப்பது விதிமீறல், மாட்டிக்கொள்வது தோப்புக்காரர். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்குப் பணம் கட்டியாயிற்று. எல்.இ.டி. விளக்குகளாக இருப்பதால் மொத்தச் சுமை சிறியதுதான். ஜெனரேட்டர் மின்தடைக்கு மட்டும். அதையும் ஒழித்துவிட வேண்டும் என்று மூன்று மாதமாக நான் மன்றாடினேன். மைக்செட் அண்ணன் ஒப்பவில்லை.

17 பிப்ரவரி 2025

முடிந்தது. தூக்கம் போதவில்லை, ஆனாலும் நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் இரவு 10 மணிக்கு எல்லாம் நின்றபோது முணுமுணுப்பு எழுந்தது. பத்து நிமிடத்தில் அதுவும் அடங்கி, தோப்பில் நிலா வெளிச்சமும் தூரத்துப் பம்புசெட் ஒலியும் மட்டும் இருந்தன. காலை 6 மணிக்குத் தவில் இரண்டு தட்டுத் தட்டிப் பூபாளம் எழுந்ததும் கூடாரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பேச்சே இல்லை. அக்டோபரில் கூட்டத்திலிருந்து எழுந்து போன முதியவர் மேடையின் இடது ஓரத்தில் கைகூப்பியபடி நின்றிருந்தார். அந்த அரை மணி நேரத்துக்காக இந்த ஆறு மாத வேலையை மறுபடியும் செய்வேன்.

தவறியவை: பெண்கள் பக்கம் காலை 6.30 முதல் 7.30 வரை நீண்ட வரிசை நின்றது. 6 போதாது, 8 வேண்டும். கையேடு சொன்னதைக் குறைத்தது என் முடிவு, அதற்கு நானே பொறுப்பு. சிறுநீர் பிரியும் துளையில் சாம்பல் விழுந்து இரண்டு இடங்களில் அடைத்துக்கொண்டது. படம் வரைந்து ஒட்டியிருந்தும் போதவில்லை, ஒருவர் வாசலில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. நாற்றம் இல்லை. ஈ இருந்தது, எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

மலிவான கூடாரங்கள் மூன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கம்பி ஒடிந்திருக்கிறது. அடுத்த முறை முன்பணம் வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு வெளியேறும்போதுதான் திருப்பித் தர வேண்டும். எதற்கும் பயன்படாத குப்பை மொத்தம் 11 கிலோ. அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவந்த தின்பண்ட உறை.

18 பிப்ரவரி 2025

நேற்று விட்டுப்போனது: வாழை இலைகளை மாட்டுக்குப் போடுவதாக இருந்தோம். முதல் பந்தியின் இலைகளுக்குள் ஊறுகாய் உறைகள் இரண்டு சுருண்டிருந்ததைப் பார்த்த பிறகு, ஒவ்வோர் இலையையும் விரித்துப் பார்த்தே போட்டோம். நான்கு பேருக்கு ஒன்றரை மணி நேர வேலை. மாட்டின் வயிற்றுக்குள் போனதை யாராலும் வெளியே எடுக்க முடியாது.

23 பிப்ரவரி 2025

கணக்குப் பார்த்தேன். ஜெனரேட்டர் இரண்டு நாளில் குடித்த டீசல் 18 லிட்டர். லிட்டருக்கு 2.7 கிலோ கரியமில வாயு என்றால் 49 கிலோ.

சென்னையிலிருந்து 5 கார்கள் வந்தன. போக வர 650 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஒரு காருக்கு 40 லிட்டர். ஐந்துக்கும் 200 லிட்டர் பெட்ரோல், ஏறத்தாழ 460 கிலோ. இரண்டு கார்களில் ஒருவர் மட்டுமே வந்திருந்தார். மூன்று மாதம் நான் ஜெனரேட்டரோடு போராடிய நேரத்தில் பாதியைப் பயணத்துக்குச் செலவிட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். பார்வையாளர் பயணமே விழாக்களின் உமிழ்வில் பெரும்பங்கு என்பதைக் கிளாஸ்டன்பரியைப் பற்றிப் படித்தபோதே பார்த்திருந்தேன். நம் ஊருக்கு அது பொருந்தும் என்று உறைக்கவில்லை.

சென்னையிலிருந்து வரும் உழவன் ரயிலில் ஏறினால் விடிவதற்குள் கும்பகோணத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஒரு பேருந்தை நாங்களே ஏற்பாடு செய்து, அதன் நேரத்தை முகாம் பதிவுப் படிவத்திலேயே அச்சடிக்க வேண்டும். தனியாகக் காரில் வருபவருக்குக் கூடுதல் கட்டணம் வைப்பதா என்று குழுவில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மன்னார்குடி நண்பரே, உங்கள் ஊருக்கே ரயில் வருகிறது. நீங்கள் இதிலிருந்தே தொடங்குங்கள்.

28 ஜூன் 2025

மேட்டூர் இம்முறை ஜூன் 12இலேயே திறந்துவிட்டது, குடமுருட்டியில் தண்ணீர் ஓடுகிறது. தோப்பின் நிலை என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

கூடாரங்கள் இருந்த பட்டங்களில் புல் திரும்பிவிட்டது. மேடை இருந்த இடமும் வண்டிகள் நின்ற இடமும் இறுகிப்போயிருக்கின்றன. கோடை மழையில் மற்ற இடமெல்லாம் நீரைக் குடித்தபோது அங்கே மட்டும் குட்டையாக நின்றது. தோப்புக்காரர் அந்தப் பகுதியை உழுது, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு தெளித்திருக்கிறார். விதைக்கும் உழவுக்கும் விழாக் கணக்கில் மீதமிருந்த பணத்தைக் கொடுத்தோம். அடுத்த மாசியில் இந்தத் தோப்பு வேண்டாம், ஓர் ஆண்டு விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்டார். அவர் கேட்காவிட்டாலும் நாங்கள் அதைத்தான் சொல்லியிருப்போம். 2026இல் முகாம் இல்லை. களத்துமேட்டில் ஒருநாள் மாலை மட்டும் நாதஸ்வரம். சுற்றுவட்டாரத்தினர் சைக்கிளிலும் நடந்தும் வருவார்கள்.

சிறுநீர்க் கேன்கள் வாழைக்குப் போய்விட்டன. மலப் பீப்பாய்கள் தோப்பின் மேட்டுப் பகுதியில் நிழலில் நிற்கின்றன. நம் வெப்பநிலையில் ஓராண்டுக்குக் குறையாமல் மூடி வைத்த பிறகே அதை உரமாகக் கருதலாம் என்பதால், ஒவ்வொரு மூடியிலும் 2026 மார்ச்சுக்கு முன் திறக்கக் கூடாது என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதி, கீழே விழாக் குழுவின் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.